சாய்வு ஏழு பாகை

அலெக்சாண்ட்ரா சாலை. சனிக்கிழமை.
மழை விட்ட பதினோரு மணி.
கண்ணாடிக் கூடத்துக்குள் அது நின்றது.
சேறே பார்க்காத முன்சக்கரம் ஒன்றுக்கு அடியில்
பிளாஸ்டிக் பாறை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பரணி பாறையோடு சேர்த்துப் படம் எடுத்தார்.
நான் கதவிடம் போனேன்.

செலேத்தாரில், விமான எஞ்சின் தகடுகளுக்கு
இடைவெளி அளப்பது என் வேலை.
பதினாறு வருஷத்தில் என் கட்டைவிரல் நகம்
மனிதர்களைவிட விளிம்புகளை நம்பப் பழகிவிட்டது.
கதவுக்கும் தூணுக்கும் நடுவே அதை ஓட்டினேன்.
மேலிருந்து கீழ்வரை ஒரே சந்து.
எங்கும் அகலவில்லை. எங்கும் நெருக்கவில்லை.

சாத்தினேன்.
தகரச் சத்தம் இல்லை.
அரிசி மூட்டையை ஒருவன் அலுங்காமல் இறக்கி வைத்த மாதிரி.
திறந்து, மறுபடி சாத்தினேன்.
"எல்லாரும் ரெண்டு தடவை சாத்துவாங்க,"
விற்பனையாளர் ஹஸ்லி சிரித்தார்.

உள்ளே தோல் வாசனை இருக்கும் என்று நினைத்தேன்.
ரப்பர். செருப்புக்கடை திறந்த காலை.
தரையில் கம்பளம் கிடையாது,
மூலைக்கு ஓர் அடைப்பான்.
பிடுங்கிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சலாமாம்.
எங்கள் புளோக் வீட்டுக் குளியலறைத் தரைகூட
இவ்வளவு ஒழுங்காகச் சரிந்ததில்லை.

பொத்தான்கள் பெரிசு, கையுறையோடு அழுத்த.
இந்த ஊரில் யாருக்குக் கையுறை?
ஆனாலும் ஒவ்வொன்றும் விரலுக்குப் பதில் சொன்னது.
போல்ட்டுகளுக்கு மூடி போடவில்லை.
ஒளிக்க எதுவும் இல்லை என்கிற
சின்னத் திமிர். எனக்குப் பிடித்திருந்தது.
பிடிக்காதது: கதவின் மேல்விளிம்பு.
முழங்கை வைக்கிற இடத்தில் வறட்டுப் பிளாஸ்டிக்,
தட்டினால் காலி டப்பா.

முன்பெட்டிக்கு அடியில் குனிந்தேன்.
பரணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.
பெண் பார்க்க வந்த அன்றே அவர்கள் கொண்டுவந்த தட்டை
நான் கவிழ்த்துப் பார்த்தவள்.

அங்கே ஒரு திருகாணி.
துளி சாய்ந்து இறங்கியிருந்தது.
தலையில் சிராய்ப்பு.
ஷிஃப்ட் முடிகிற நேரமாக இருக்கும்.
அந்த நேரத்தை எனக்குத் தெரியும்:
கருவி வழுக்கும், மணிக்கட்டு பொய் சொல்லும்,
மேற்பார்வையாளர் அடுத்த வரிசையில் நிற்பார்.
ஹஸ்லியிடம் சொல்லவில்லை.
பெட்டியை மெதுவாக மூடினேன்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.
முகப்பில் உயரமானி, சாய்வுமானி, திசைமானி.
எண்பது சென்டிமீட்டர் ஆற்றைக் கடக்குமாம்.
ரெட்ஹில் பக்கம் திரும்பினோம்.
உயரம்: பதினொன்று.
சாய்வு: சுழியம்.
ஒரு வேகத்தடை வந்தது.
மூன்று பேரும் கைப்பிடியைப் பற்றிக் காத்திருந்தோம்.
வண்டி அதைக் கவனிக்கவே இல்லை.

கடைசியில் ஒரு மாடிக் கார் நிறுத்தத்தில் ஏறினோம்,
முள் அசையட்டுமே என்று.
அசைந்தது. ஏழு.
பரணி மலையேறியவர் போல மூச்சு விட்டார்.
ஐந்தாம் தளத்தில் கீரைத்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா
பூவாளியைத் தூக்கி வழிவிட்டார்.

சட்டகம் நாற்பது வருஷம் தாங்கும் என்றார் ஹஸ்லி.
சிஓஇ பத்து வருஷம்தானே என்றேன்.
புதுப்பிக்கலாம் என்றார்.
மொத்த விலையைச் சொன்னார்.
பிறகு குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.
அதுவும் நல்ல குளிரூட்டி. உதறலே இல்லை.

மிச்ச முப்பது வருஷம் எங்கே போகும்?
உருக்கிவிடுவார்களா, கப்பல் ஏற்றுவார்களா,
உண்மையிலேயே சேறு இருக்கிற ஊரில்
ஒருத்தி குனிந்து அந்தத் திருகாணியைப் பார்ப்பாளா,
பார்த்தால் திருப்பி முடுக்குவாளா?

பேருந்தில் பரணி விலைத்தாளை மடித்து மடித்துத்
தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.
"ரொம்ப உயரம்," என்றார். "அம்மாவால ஏற முடியாது."
ஆமாம் என்றேன்.
என் நகத்தில் இன்னும் ரப்பர் வாசனை.

எங்கள் நிறுத்தம்.
கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
கால் மில்லிமீட்டர் ஆட்டம்,
அப்புறம் உறுதியான ஒரு சொடுக்கு.
எத்தனை ஆயிரம் விரல் பட்டதோ.

யாரும் பார்க்கவில்லை.
இன்னொரு தடவை அழுத்தினேன்.